சுளுக்கென்று சும்மா விடலாமா?



சப்ரகமுவ மாகாணத்தில் மழைக்குப் பஞ்சமில்லை. இரத்தினபுரியில் மாத்திரம் ஓராண்டில் சராசரியாக 3500 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. அந்த மழையில்தான் தேயிலையும் இறப்பரும் செழிக்கின்றன. அதே மழையில்தான் கல்படிகள் பாசி பிடிக்கின்றன, மலைச் சரிவுகள் வழுக்குகின்றன, காண்களின் ஓரம் இடிந்து புல்லுக்குள் மறைந்து கிடக்கிறது. கொழுந்துக் கூடையோடு சரிவில் இறங்கும் பெண், விடியுமுன் மங்கல் வெளிச்சத்தில் இறப்பர் பால் வெட்டப் போகும் பெண், லயத்துப் படியில் தண்ணீர்க் குடத்தோடு ஏறும் பெண், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டுவிட்டு அவசரமாகத் திரும்பும் தாய் என யாருக்கும் ஒரு நொடியில் கால் பிசகிவிடலாம்.

“சுளுக்குத்தானே!” என்று இரண்டே விதமாக நாம் அதைக் கவனிக்கிறோம். ஒன்று, சூடாக எண்ணெய் பூசி, யாரையாவது கொண்டு இழுத்துவிட்டு, மறுநாளே வேலைக்குப் போகிறோம். தோட்டத்தில் ‘பேர்’ விழுந்தால்தான் சம்பளம். அடுப்பும் பிள்ளைகளும் காலுக்காகக் காத்திருக்கமாட்டா. மற்றது, வலிக்குப் பயந்து காலை இறுகக் கட்டி, மூன்று நான்கு வாரம் அசைக்காமலே வைத்திருக்கிறோம். இரண்டுமே தவறு. முதலாவது காயத்தைப் பெரிதாக்கும்; இரண்டாவது காலை மரத்துப்போகச் செய்யும். இரண்டின் முடிவும் ஒன்றுதான்: கால் மறுபடியும் மறுபடியும் அதே இடத்தில் பிசகும். “அந்தக் கால் எனக்கு எப்போதும் அப்படித்தான்” என்று சொல்லும் தாய்மாரில் பலருக்குக் கதை இங்கேதான் தொடங்கியிருக்கும்.

சரியான வைத்தியத்துக்குப் பெரிய செலவில்லை. ஒரு துணிக்கட்டு, இரண்டு தலையணை, ஒரு தடி, சில நாள் பொறுமை, சில வாரப் பயிற்சி போதும். எதை எப்போது செய்வது என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம். அதை இம்மாதம் பார்ப்போம்.

காலுக்குள் நடப்பது என்ன?

கணுக்காலில் எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் உறுதியான நார்கள் உள்ளன. பாதம் உள்பக்கமாக மடங்கி, உடலின் பாரம் முழுவதும் வெளிப்பக்கம் சாயும்போது வெளிப்பக்கத்து நார்கள் அளவுக்கு மீறி இழுபடுகின்றன. பெரும்பாலான சுளுக்குகள் இந்த வெளிப்பக்கத்தில்தான் ஏற்படுகின்றன. “நரம்பு பிசகிவிட்டது” என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் நரம்பு எதுவும் இடம் மாறுவதில்லை, நார்தான் காயப்படுகிறது. ஆகவே இடம் மாறிய எதையும் இழுத்து உள்ளே தள்ள வேண்டிய தேவையும் இல்லை.

நார் சற்று இழுபட்டு, நுண்ணிய கீறல் மட்டும் ஏற்பட்டால் அது இலேசான சுளுக்கு. கொஞ்சம் நொண்டியாவது நடக்கலாம். ஒன்று முதல் மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். நார் பாதி கிழிந்தால் வீக்கமும் கறுப்பும் அதிகம், நடப்பது கஷ்டம். மூன்று முதல் ஆறு வாரம் வரை பிடிக்கலாம். முழுவதும் அறுந்தால் காலை ஊன்றவே முடியாது. தேறச் சில மாதங்கள்கூட ஆகலாம். அப்படி அறுந்த நாரும் பெரும்பாலும் சத்திரசிகிச்சை இல்லாமலே ஆறுகிறது என்பது ஆறுதலான செய்தி.

முதற் கேள்வி: சுளுக்கா, முறிவா?

கால் பிசகியதும் எண்ணெய்ப் போத்தலைத் தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. வீக்கத்தின் அளவைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. இலேசாக வீங்கிய காலில் முறிவு இருக்கலாம். பூசணிக்காய்போல் வீங்கிய காலில் சுளுக்கு மட்டும் இருக்கலாம்.

கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் இதற்கு ஓர் எளிய முறையை வகுத்தார்கள். இன்று உலகெங்கும் வைத்தியசாலைகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும்படி அதைச் சொல்கிறேன்.

1. கணுக்காலின் இரு பக்கமும் குமிழ்போல் எலும்பு தெரிகிறதல்லவா? அந்தக் குமிழ்களின் நுனியையும் பின்விளிம்பையும், அங்கிருந்து மேலே நான்கு விரற்கடை உயரம் வரை, விரலால் மெல்ல அழுத்துங்கள். எலும்பின் மேலேயே சுரீரென்று வலிக்கிறதா?

2. சின்ன விரலிலிருந்து குதிகாலை நோக்கிப் பாதத்தின் வெளிவிளிம்பைத் தடவிக்கொண்டு போனால் நடுவழியில் ஒரு மேடு தட்டுப்படும். அங்கே அழுத்தினால் வலிக்கிறதா?

3. பாதத்தின் உள்பக்கம், கணுக்கால் குமிழுக்குச் சற்று முன்னே கீழே இருக்கும் எலும்பு மேட்டில் வலிக்கிறதா?

4. விழுந்த உடனேயும், பின்னர் சோதித்துப் பார்க்கும்போதும் நான்கு அடி நடக்க முடியவில்லையா? நொண்டி நடந்தாலும் நடந்ததாகவே கணக்கு.

இந்த நான்கில் ஒன்றுக்காவது “ஆம்” என்று விடை வந்தால் எக்ஸ்றே எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் “இல்லை” என்றால் முறிவு இருப்பது மிக அரிது, வீட்டிலேயே கவனிக்கலாம்.

சிலருக்கு இந்தச் சோதனையை நம்பி வீட்டில் இருக்கக்கூடாது. நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு முறிவின் வலியே தெரியாமல் போகலாம். வயதானவர்கள், எலும்பு பலவீனமானவர்கள், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள் ஆகியோரையும் வைத்தியரிடம் காட்டுவதே நல்லது. பிள்ளைகளின் எலும்பு வளரும் இடம் மென்மையானது. பெரியவர்களுக்கு நார் இழுபடும் விழுகையில் பிள்ளைகளுக்கு எலும்பே காயப்படலாம்.

கால் கோணலாகத் தெரிந்தாலோ, தோல் கிழிந்து உள்ளே எலும்பு தெரிந்தாலோ, பாதம் வெளிறிக் குளிர்ந்து மரத்துப்போனாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். காலை நேராக்க முயலாமல், இருந்தபடியே இரு பக்கமும் மரச்சட்டமோ மடித்த பாயோ வைத்து அசையாமல் கட்டுங்கள். 1990 என்ற எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசமாக வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்த இந்தச் சேவை இப்போது நாடு முழுவதும் உண்டு. அம்புலன்ஸ் ஏற முடியாத தோட்டப் பாதையானால் காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டிய இடத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். கம்பளியின் இரு ஓரங்களிலும் இரண்டு கம்பைச் சுருட்டினால் நல்ல தூக்குக்கட்டில்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் முதலுதவி கிடைக்கும்; எக்ஸ்றே இருக்காது. அதற்கு இரத்தினபுரி, கேகாலை பெரியாஸ்பத்திரிகளுக்கோ, பலாங்கொடை, கரவனல்லை, மாவனல்லை போன்ற ஆதார வைத்தியசாலைகளில் அருகில் உள்ளதற்கோ போக வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் இதற்குப் பணம் அறவிடுவதில்லை. பஸ் செலவையும் ஒரு நாள் சம்பளத்தையும் நினைத்துத் தயங்குவது இயல்புதான். ஆனால் முறிந்த எலும்பைச் சுளுக்கென்று எண்ணி நடந்து, அது கோணலாகக் கூடிவிட்டால் அதற்குக் கொடுக்கும் விலை பல மடங்காகும்.

முதல் மூன்று நாள்

ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரே சொல்லாக்கி 1978இல் உலகுக்குச் சொன்னவர் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின். பல தலைமுறை வைத்தியர்களும் தாதியரும் இதைப் படித்துத்தான் வந்தார்கள். 2014இல் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஐஸ் வலியைக் குறைக்கும், ஆனால் அதிக நேரம் ஐஸ் வைப்பதும் அசையாமல் கிடப்பதும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்றார். இன்றைய வைத்தியமும் இந்த வழியில்தான் செல்கிறது. ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

ஓய்வு: முதல் இரண்டு மூன்று நாள் அந்தக் காலில் பாரம் கொடுக்காதீர்கள். எழுந்து நடக்க வேண்டிய இடத்துக்குத் தடி ஊன்றி நடவுங்கள். காயப்பட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் தடியைப் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது காயப்பட்ட காலும் தடியும் முதலில். லயத்துப் படிகளில் இந்த ஒழுங்கு மிகவும் உதவும்.

குளிர்: ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்து எடுங்கள். முதல் இரண்டு நாளும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை வைக்கலாம். கடையில் பிள்ளைகள் வாங்கும் ஐஸ் பக்கட்டும் இதற்குப் போதும். ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் கருகிப் புண்ணாகும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லையே என்று வருந்த வேண்டாம். பீலியில் பிடித்த குளிர்ந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து போட்டு, சூடேற மாற்றிக்கொண்டிருந்தாலும் வலி தணியும். பாதம் மரத்துப்போன நீரிழிவுக்காரருக்கு மட்டும் ஐஸ் வேண்டாம்.

கட்டு: பார்மசியில் கிரேப் பண்டேஜ் என்று கேட்டால் கொடுப்பார்கள். விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலைச் சுற்றி, எட்டுப் போடுவதுபோல் குறுக்கும் மறுக்குமாகக் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் வரை சுற்றுங்கள். கீழே சற்று இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கட்டும். விரல்நுனிகள் வெளியே தெரிய வேண்டும். அவை நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, குளிர்ந்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். இரவில் படுக்கும்போது கட்டை அவிழ்த்துவிடலாம். பண்டேஜ் இல்லாவிட்டால் பழைய பருத்திச் சேலையை நான்கு விரல் அகலத்துக்குக் கிழித்துக் கட்டலாம்.

உயர்த்தல்: படுத்துக்கொண்டு, பாதம் நெஞ்சைவிட உயரமாக இருக்கும்படி தலையணைகளின் மேல் வையுங்கள். கதிரையில் இருந்துகொண்டு சிறிய முக்காலியில் காலை வைத்தால் போதாது. வீக்கத்தை வற்றச் செய்வதில் இதைவிட மலிவான மருந்து இல்லை.

வலிக்கு: பெரியவர்களுக்குப் பனடோல் போதும். 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. அடுத்த முறைக்கு ஆறு மணித்தியாலமாவது இடைவெளி. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. மெலிந்தவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் இதைவிடக் குறைவாக, வைத்தியரைக் கேட்டுக் குடிக்க வேண்டும். கடையில் வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளில் கவனம் தேவை. வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அவை ஆகாதவை. இன்னுமொன்று: நம் பகுதியில் டெங்கும் எலிக்காய்ச்சலும் அடிக்கடி வருகின்றன. கால்வலியோடு காய்ச்சலும் இருந்தால் இந்த மாத்திரைகளைத் தொடவே தொடாதீர்கள். டெங்கில் அவை இரத்தக்கசிவை உண்டாக்கலாம். விழுந்தபோது தோல் உரசிப் புண்ணாகியிருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவி மூடி வையுங்கள். வயல் சேறும் காண் தண்ணீரும் அந்தப் புண்ணில் படக்கூடாது.

செய்யக்கூடாதவை

முதல் மூன்று நாளில் சூடான ஒத்தடம் வேண்டாம். புளியும் உப்பும் காய்ச்சிய சூட்டுப் பற்றும் வேண்டாம். உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில் சூடு பட்டால் வீக்கம் கூடும்.

அழுத்தித் தேய்ப்பதும், ‘டக்’ என்று இழுத்து முறிப்பதும் எப்போதுமே வேண்டாம். காலால் பிறந்தவர் மிதித்துவிட்டால் சுளுக்குப் போகும் என்பவர்களும் நம்மிடையே உண்டு. பாதி கிழிந்த நாரின் மேல் ஓர் ஆளின் பாரம் ஏறினால் என்னவாகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முறிவு நெரிவு வைத்தியர்களிடம் நம் மக்களுக்கு நம்பிக்கை அதிகம். அனுபவமுள்ள வைத்தியர் முறிவு என்று சந்தேகித்தால் தாமே எக்ஸ்றேக்கு அனுப்புவார். முதலில் எலும்பைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு பிறகு அவரிடம் போங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மூன்று நாள் கழிந்தபின், வீக்கம் தணிகையில், எண்ணெயோ சித்தாலேபவோ தொட்டு விரல்களிலிருந்து முழங்காலை நோக்கி மென்மையாக நீவிவிடுவதில் தீங்கில்லை. நீவும் கை இறகுபோல் இருக்க வேண்டும்.

அன்னிய ஆண் வைத்தியரிடம் காலைக் காட்டக் கூச்சப்பட்டு நாட்களைக் கடத்தும் சகோதரிகளும் உண்டு. பெண் வைத்தியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். ஆனால் கூச்சத்துக்காக வைத்தியத்தைப் பிற்போடாதீர்கள். வைத்தியத் தேவைக்கு மார்க்கத்திலே தடையில்லை.

நான்காம் நாளிலிருந்து

இங்கேதான் பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறார்கள். வலி குறைந்ததும் “சரியாகிவிட்டது” என்று சரிவில் இறங்குகிறார்கள். நார் ஆறுவது வேறு, கால் தேறுவது வேறு. அறுபட்ட நாரோடு, பாதம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிவிடுகிறது. கண்ணால் பார்க்காமலே கல்லிலும் குழியிலும் காலைச் சரியாக வைக்கச் செய்வது அந்த உணர்வுதான். அதைத் திரும்பப் பழக்காவிட்டால் கால் மறுபடி பிசகும்.

அசைவு (மூன்றாம், நான்காம் நாளிலிருந்து): படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசையுங்கள். பெருவிரலைப் பேனாவாக்கிக் காற்றில் 1 முதல் 10 வரை எழுதுங்கள். நாளுக்கு நான்கைந்து தடவை செய்யலாம். இலேசான வலி இருக்கலாம். சுரீரென்ற வலி வந்தால் நிறுத்துங்கள். தடியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்து நடவுங்கள். குதிகாலை முதலில் வைத்து, விரலை ஊன்றி எடுக்கும் சாதாரண நடையைப் பழகுங்கள்.

இழுப்பு: காலை நீட்டி இருந்துகொண்டு உள்ளங்காலில் ஒரு துவாயை மாட்டி உங்களை நோக்கி இழுங்கள். 20 முதல் 30 விநாடி பிடித்து விடுங்கள், மூன்று முறை.

பலம் (இரண்டாம் வாரம்): சுவரைப் பிடித்து நின்று இரு குதிகால்களையும் உயர்த்தி மெல்ல இறக்குங்கள், பத்துப் பத்தாக மூன்று முறை. பாதத்தின் வெளிவிளிம்பைச் சுவரோடு அழுத்தி ஐந்து விநாடி பிடியுங்கள், பத்து முறை.

சமநிலை (வலியின்றி நிற்க முடிந்ததும்): சுவருக்கு அருகில் காயப்பட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடி நில்லுங்கள். அதுவும் பழகியதும் மடித்த பாயின் மேல் நில்லுங்கள். சோறு வேகும் நேரத்தில் அடுப்படியிலேயே செய்யலாம், ஆனால் கொதிக்கும் பானையிலிருந்து தள்ளி நில்லுங்கள்.

இந்தக் கடைசிப் பயிற்சியைச் சிறிதாக எண்ணாதீர்கள். நெதர்லாந்தில் கணுக்கால் சுளுக்கிய 522 விளையாட்டு வீரர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. வழக்கமான வைத்தியத்தோடு எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதத்தினருக்கே ஓராண்டுக்குள் மறுபடி சுளுக்கியது. செய்யாதவர்களில் அது 33 சதவீதம். விளையாட்டு வீரர்களுக்கு மைதானம் தட்டையானது. நம் பெண்களுக்கு மலைச்சரிவே மைதானம். பயிற்சி நமக்கு இன்னும் கூடத் தேவைதானே?

மிகக் கடுமையான சுளுக்குக்கு மட்டும் சிறிது வேறுபாடு உண்டு. காலை ஊன்றவே முடியாதிருந்த 584 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்திய ஆய்வும் 2009இல்தான் வெளிவந்தது. வெறும் துணிக்கட்டுப் போட்டவர்களைவிட, முழங்காலுக்குக் கீழே பத்து நாள் பிளாஸ்டர் போட்டவர்கள் மூன்று மாத முடிவில் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆகவே வைத்தியர் சில நாட்களுக்குப் பிளாஸ்டர் போடச் சொன்னால் மறுக்காதீர்கள். கழற்றியபின் மேலே சொன்ன பயிற்சிகளைத் தொடங்குங்கள்.

தொழுகையும் அன்றாடமும்

கிரேப் பண்டேஜை அவிழ்த்துக் கட்டலாம் என்பதால் வுளுவின்போது அவிழ்த்துக் காலைக் கழுவுவதில் தடையில்லை. அப்போதே விரல்களின் நிறத்தையும் பார்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டரில் தண்ணீர் படக்கூடாது. அப்போது எப்படித் தூய்மை செய்வது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை அது.

அத்தஹிய்யாத்து இருப்பில் பாதத்தை மடித்து அதன்மேல் அமரும்போது, காயப்பட்ட வெளிப்பக்க நார்தான் நேராக இழுபடுகிறது. முதல் சில வாரங்கள் கதிரையில் இருந்தோ, காலை நீட்டி வைத்தோ தொழலாம். “இருந்து தொழுவதா?” என்று மனம் சங்கடப்பட வேண்டாம், முடியாதவருக்கு அதற்கு அனுமதி இருக்கிறது.

குந்தியிருக்கும் மலசலகூடம் பெரிய சோதனை. நடுவில் துளையிட்ட பழைய கதிரை ஒன்றை மேலே வைத்துக்கொண்டால் வேலை முடிந்தது. வழுக்கும் தரையில் ஒரு சாக்கை விரித்து வையுங்கள்.

சம்பளமும் வேலையும்

வேலை நேரத்தில் மலையில் விழுந்தால் அன்றே கங்காணியிடமோ வெளிக்கள உத்தியோகத்தரிடமோ சொல்லி, டிஸ்பென்சரிப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். திகதியும் இடமும் எழுதிய துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். வேலையின்போது வேலையின் காரணமாக ஏற்படும் விபத்துக் காயங்களுக்கென்று 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் ஆறும் சுளுக்குக்கு அது உதவாது. ஆனால் முறிவென்று தெரியவந்தாலோ, நாட்கள் நீண்டாலோ, அன்று எழுதாத காயத்தைப் பின்னர் நிரூபிப்பது கடினம்.

மலைக்குத் திரும்புமுன் உங்களையே நான்கு சோதனை செய்யுங்கள். தட்டையான பாதையில் அரை மணித்தியாலம் வலியின்றி நடக்க முடிகிறதா? படி ஏறி இறங்க முடிகிறதா? ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்க முடிகிறதா? அந்த ஒற்றைக் காலாலேயே பத்து முறை குதிகாலை உயர்த்த முடிகிறதா? நான்கும் முடிந்தால் போகலாம். முதல் வாரம் நாற்றுமேடை போன்ற தட்டையான இடத்து வேலை கேட்டுப் பாருங்கள். சரிவில் இறங்கும்போது கூடை அரைவாசியாக இருக்கட்டும். நிறைந்த கூடை உடலை முன்னே தள்ளும்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து நாள் தண்ணீர் சுமப்பதும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு விடுவதும் பெரிய காரியமல்ல. அந்தப் பத்து நாளைக் கொடுக்காத வீட்டில்தான் உம்மாவின் கால் பத்து வருடம் நோகிறது.

மீண்டும் பிசகாமலிருக்க

தேய்ந்த பாட்டாச் செருப்போடு ஈரப்படியில் இறங்காதீர்கள். பின்பட்டி உள்ள, அடியில் பிடிப்புள்ள செருப்போ சப்பாத்தோ அணியுங்கள். அபாயா நிலத்தில் இழுபடும் நீளமென்றால் கணுக்கால் மூடும் அளவுக்கு மடித்துத் தையுங்கள். படி ஏறுகையில் ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள். மற்றக் கை கம்பியிலோ சுவரிலோ இருக்கட்டும். வீட்டுப் படியின் பாசியை மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது தேய்த்துக் கழுவுங்கள். விடியுமுன் வெளியே போகும் பெண்ணின் கையில் டோர்ச் ஒன்று இருக்க வேண்டும்.

வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

கால்விரல் வரை கறுத்துவிட்டதே, பயமா?
உள்ளே கசிந்த இரத்தம் கீழ்நோக்கி இறங்குவதால் மூன்றாம், நான்காம் நாளில் இப்படித் தெரியும். பச்சையாகி, மஞ்சளாகித் தானே மறையும்.

மாலையானால் வீங்குகிறதே?
சில வாரங்களுக்கு இப்படி இருக்கலாம். இரவில் காலை உயர்த்தி வையுங்கள். ஆனால் கெண்டைக்காலும் வீங்கி நோவெடுத்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலில் இரத்தம் உறைந்திருக்கலாம். கர்ப்பிணிகளும் அண்மையில் பிரசவித்தவர்களும் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கர்ப்பிணி எக்ஸ்றே எடுக்கலாமா?
பாதத்து எக்ஸ்றேயின் கதிர் வயிற்றுப் பிள்ளையை அடைவது மிகமிகச் சொற்பம். கர்ப்பம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேவையான பாதுகாப்போடு எடுப்பார்கள்.

எப்போது மறுபடி காட்ட வேண்டும்?
ஒரு வாரமாகியும் நடை சற்றும் தேறாவிட்டால் காட்டுங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகும் வலியோ, கால் திடீரென விட்டுக்கொடுப்பதோ இருந்தால் ஆஸ்பத்திரியில் பிசியோதெரப்பிப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.

சகோதரிகளே, இந்தப் பக்கத்தைக் கத்தரித்து மருந்துப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து லயத்தில் எழுத்து வாசிக்கத் தெரியாத அக்காவோ மாமியோ இருந்தால் அந்த நான்கு சோதனைகளையும் வாயால் சொல்லிக்கொடுங்கள். எலும்பை முதலில் பாருங்கள், மூன்று நாள் பொறுங்கள், பிறகு அசையுங்கள், ஒற்றைக் காலில் நிற்க முடியும்வரை சரிவில் இறங்காதீர்கள். இவ்வளவுதான் விஷயம்.